ரெண்டாவது ஆள்

நம்ம காலேஜ் ஃபுட்பால் டீமுக்குக் கோச் யார்னு ஆபீஸ்ல கேட்டீங்கன்னா பி.டி. சார் பெயரைச் சொல்வாங்க. ஜோனல் என்ட்ரி ஃபார்மிலும் அவர் கையெழுத்துதான். டீம் போட்டோவில் நடு நாற்காலியும் அவருக்குத்தான். அதில் தப்பு ஒண்ணும் இல்லை. கபடி, வாலிபால், அத்லெடிக்ஸ்ல ஆரம்பிச்சு ஸ்போர்ட்ஸ் டேவுக்கு கிரவுண்டில் சுண்ணாம்பு போடுறது வரைக்கும் எல்லாமே அந்த ஒரு மனுஷன் தலையில்தான். ஆனா காலையில் 5.45க்கு விசில் ஊதினது யார்னு எங்க 22 பேர்ல யாரையாவது கேட்டுப் பாருங்க. வேற ஒருத்தரைச் சொல்வாங்க. அதே போட்டோவில் கடைசி வரிசையில், ஓரமா, பந்து மூட்டையோட நிக்கிறவர். 2024 போட்டோவில் அவருக்குப் பாதி முகம்தான் விழுந்திருக்கு.

அவர்தான் எங்க அசிஸ்டன்ட் கோச். பெயர் போட வேணாம்னு கேட்டுக்கிட்டார், அதனால வெறும் கோச்னே சொல்றேன். போன செப்டம்பர்ல, ஜோனலுக்கு 19 நாள் பாக்கி இருக்கும்போது, அவர் வேற காலேஜுக்குப் போயிட்டார். அன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல்ல 'துரோகி'ங்கிற வார்த்தை எத்தனை தடவை வந்துச்சுன்னு கணக்கே இல்லை. டீம்ல இல்லாதவங்க கூடச் சொன்னாங்க. ஜோனல்ல தோத்ததுக்கு அப்புறம் இன்னும் அதிகமாச்சு. நீங்களும் கேன்டீன்ல கேட்டிருப்பீங்க. ஒருவேளை நீங்களே சொல்லியிருப்பீங்க. அந்த வார்த்தை சரியான்னு யோசிச்சுப் பார்க்கத்தான் இதை எழுதுறேன்.

முதல்ல, அவர் என்ன வேலை பார்த்தார்னு தெரியணும். பொன்னேரிப் பக்கத்து ஆள். சின்ன வயசுல மின்சாரத் தொழிலாளி யாரோ கொடுத்த பந்தில் ஆடக் கத்துக்கிட்டு, சென்னை லீக் வரைக்கும் போய், முட்டி போனதும் நின்னவர். ஏ.ஐ.எஃப்.எஃப். நடத்துற டி லைசென்ஸ் முடிச்சிருக்கார். பயிற்சியாளர் படிப்பில் அது கீழ்ப்படிதான். அதுக்கு மேல ஆசியக் கூட்டமைப்போட சி, பி, ஏ, கடைசியா ப்ரோன்னு ஏணி போகுது. ஒவ்வொரு படிக்கும் ஃபீஸ் இருக்கு, லீவு போடணும், வெளியூர் போய்த் தங்கணும். இவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்ல கான்ட்ராக்ட்ல ஷிஃப்ட் வேலை. லீவுன்னா அன்னிக்குச் சம்பளம் இல்லை.

நைட் ஷிஃப்ட் வாரத்துல கம்பெனி பஸ் ஜி.என்.டி. ரோட்டில் இறக்கிவிட்டதும் நேரா கிரவுண்டுக்கு வந்துடுவார். யூனிஃபார்ம், சேஃப்டி ஷூ, கையில் டிஃபன் பாக்ஸ். ஷூவைக் கழட்டி கோல்போஸ்ட் பக்கத்துல வச்சிட்டு வெறுங்காலோட நிப்பார். ராத்திரி முழுக்கத் தூங்காத ஆள்னு விசில் சத்தத்துல கண்டுபிடிக்க முடியாது.

அவர்கிட்ட ஒரு லாங் சைஸ் நோட்டு இருந்துச்சு. ஆளுக்கு ஒரு பக்கம். பி.டி. சார்கிட்ட இருக்கிற ரெஜிஸ்டர்ல எங்க பெயர், ரோல் நம்பர், ஜெர்சி நம்பர் இருக்கும். இந்த நோட்டில் இருந்தது வேற. யாரு காலையில் சாப்பிடாம வர்றான், யாருக்கு அரியர் இருக்கு, யாரைக் கத்தினா நல்லா ஆடுவான், யாரைக் கத்தினா அன்னிக்கு முழுக்க அவுட். என் பக்கத்துல "வலது கால் மட்டும்" அப்படின்னு ஆரம்பிச்சு அஞ்சாறு வரி. அதுல ஒண்ணு, "ஸ்கோர் ஆனதும் அடுத்த அஞ்சு நிமிஷம் இவன் தூங்கிடுவான், கூப்பிட்டுக்கிட்டே இரு." எங்க அம்மாவுக்குக் கூடத் தெரியாத விஷயம் இது. உண்மையும் கூட.

இதில் எனக்கு ஒரு கருத்து இருக்கு. எந்த டீமா இருந்தாலும் முதல் ஆளுக்குத் தெரிவது டீமைப் பத்தி. ரெண்டாவது ஆளுக்குத் தெரிவது ஆட்களைப் பத்தி. நீங்க ஒரு பயத்தைச் சொல்லணும்னா டீமை செலக்ட் பண்றவர்கிட்ட சொல்ல மாட்டீங்க. பெஞ்சுல உட்கார வச்சிருவாரேன்னு யோசிப்பீங்க. பக்கத்துல கோன் அடுக்கிக்கிட்டு இருக்கிற அசிஸ்டன்ட்கிட்டதான் சொல்வீங்க.

எங்க லெஃப்ட் பேக் அப்படித்தான் சொன்னான். மெக்கானிக்கல் தேர்ட் இயர். ஸ்கூல் படிக்கும்போது இடது முட்டியில் அடி, ஒழுங்கா வைத்தியம் பார்க்கலை. ஓடுவான், டேக்கிள் பண்ணுவான், எல்லாம் சரி. ஆனா இடது காலை ஊன்றிச் சட்டுன்னு திரும்பச் சொன்னா ஒரு எட்டு கூட வைப்பான். வெளியிலிருந்து பார்த்தா தெரியாது. டீம்ல எங்களுக்கே தெரியாது. கோச்சுக்கு மட்டும் தெரியும். அதுக்காகவே நடு டிஃபென்ஸ்ல நிக்கிறவனை ரெண்டு கஜம் இடது பக்கமா தள்ளி நிக்க வச்சார். ஏன்னு கேட்டப்போ "அப்படித்தான் நிக்கணும், நில்லுடா"ன்னார். அவ்வளவுதான்.

சரி, இவ்வளவு செஞ்சவர் ஏன் போனார்? சம்பளம். வேற பெரிய ரகசியம் எதுவும் இல்லை. அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. வந்த நாளுக்குக் கணக்கு, வவுச்சர்ல கையெழுத்து, செமஸ்டர் லீவுல ஒண்ணும் இல்லை. வவுச்சர் பாஸ் ஆக ரெண்டு மூணு மாசம் ஆகும். வைஸ் கேப்டன்ங்கிற முறையில் நான் அவர்கூட அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் வாசல்ல நின்னிருக்கேன். உள்ள இருக்கிறவங்க கெட்டவங்க இல்லை. "ஃபைல் மேல போயிருக்கு சார்"னு மரியாதையாத்தான் சொல்வாங்க. ஆகஸ்ட்ல சிப்காட்ல கான்ட்ராக்டர் மாறினார், இவருக்கு ஷிஃப்ட் பாதியா குறைஞ்சுது. அந்தச் சமயத்துல இன்னொரு காலேஜ் கூப்பிட்டாங்க. மாதச் சம்பளம், பி.எஃப்., சி லைசென்ஸ் கோர்ஸுக்கு ஃபீஸ். பொண்ணு ஆறாவது படிக்குது. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?

நான் இந்தக் கேள்வியோட கொஞ்ச நாள் யூடியூப்ல சுத்தினேன். அசிஸ்டன்ட் கோச்கள் கிளம்பிப் போறது ஒரு பெரிய தொழிலாவே நடக்கிற இடம் ஒண்ணு இருக்குன்னு அப்பதான் தெரிஞ்சுது. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால். நம்ம ஃபுட்பால் இல்லை, ஹெல்மெட் போட்டுக்கிட்டு முட்டிக்கிற ஆட்டம். அங்க ஒரு யுனிவர்சிட்டி டீமுக்குத் தலைமைக் கோச் ஒருத்தர், அவருக்குக் கீழ அட்டாக்குக்கு ஒருத்தர், டிஃபென்ஸுக்கு ஒருத்தர், அவங்களுக்குக் கீழ ஒவ்வொரு பொசிஷனுக்கும் ஒருத்தர்னு பெரிய பட்டாளமே இருக்கு. அதுல முன்னணி அசிஸ்டன்ட்கள் வருஷத்துக்கு 20 லட்சம் டாலருக்கு மேல வாங்குறாங்க. நம்ம காசுக்கு 15 கோடி ரூபாய்க்கு மேல. வவுச்சர் வேலை அங்க இல்லைன்னு நினைக்கிறேன்.

சீசன் முடியுற நேரம், அதாவது நவம்பர் கடைசி, டிசம்பர்ல, அங்க ஆள் பிடிக்கிற படலம் ஆரம்பிக்கும். அலபாமா யுனிவர்சிட்டியில் 2007லிருந்து 2023 சீசன் வரைக்கும் தலைமைக் கோச்சா இருந்த நிக் சேபன்கிட்ட வேலை பார்த்த அசிஸ்டன்ட்களை மத்த யுனிவர்சிட்டிகள் வரிசையா தூக்கிட்டுப் போனாங்க. ரெண்டு பேர் போன விதத்தை மட்டும் சொல்றேன். கிர்பி ஸ்மார்ட், அலபாமாவின் டிஃபென்ஸைப் பார்த்துக்கிட்டவர். 2015 டிசம்பர்ல ஜார்ஜியாவுக்குத் தலைமைக் கோச்னு அறிவிச்சுட்டாங்க. ஆனா அலபாமாவுக்கு ஃபைனல் வரைக்கும் மேட்ச் பாக்கி. மனுஷன் இருந்து, 2016 ஜனவரியில் கப் அடிச்சுக் கொடுத்துட்டுத்தான் போனார். அடுத்த வருஷமே லேன் கிஃபின். அட்டாக்கைப் பார்த்துக்கிட்டவர். வேற யுனிவர்சிட்டியில் வேலை கிடைச்சதும் ரெண்டு பக்கமும் கால் வச்சுக்கிட்டு இருந்தார். ஃபைனலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது சேபனும் அவரும் பிரிஞ்சுட்டாங்க. புது ஆளை வச்சு ஆடின அலபாமா 35-31னு கிளெம்சன்கிட்ட தோத்துது. புது ஆளாலதான் தோத்தாங்களான்னு அங்க இன்னும் சண்டை போடுறாங்க.

அதே கிஃபின் கதை அதோட முடியலை. 2025 நவம்பர் 30, அவர் அப்போ ஓல் மிஸ்ங்கிற மிசிசிப்பி யுனிவர்சிட்டிக்குத் தலைமைக் கோச். 12 மேட்ச்ல 11 ஜெயிச்சு டீம் பிளேஆஃபுக்குப் போகப் போற நேரத்துல, பக்கத்து மாநிலத்து எதிரி எல்.எஸ்.யூ.வுக்குக் கிளம்பிட்டார். பிளேஆஃப் வரைக்கும் இருக்கேன்னு கேட்டார், ஓல் மிஸ் முடியாதுன்னுட்டாங்க. அவர் பின்னாடி சில அசிஸ்டன்ட்களும் கிளம்பினாங்க. அதுல அட்டாக்கைப் பார்த்துக்கிட்ட சார்லி வைஸ் ஜூனியர், புது முதலாளி சரின்னு சொன்னதும், திரும்பி வந்து பழைய பசங்களுக்குப் பிளேஆஃப்ல வேலை பார்த்தார். எனக்கு அந்த ஆளை ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

ஆனா அங்க கவனிக்க வேண்டியது வேற ஒண்ணு. பல வருஷமா கோச் ராத்திரியோட ராத்திரியா போயிடலாம், காண்ட்ராக்ட்ல எழுதின தொகையைப் புது யுனிவர்சிட்டி கட்டிட்டா முடிஞ்சுது. பிளேயர் மாறினா ஒரு வருஷம் வெளியே உட்காரணும். அந்தக் கோச்சை நம்பித்தான் அந்தப் பையன் அங்க சேர்ந்திருப்பான். 2018ல டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. 2021லதான் முதல் தடவை மாறுறவங்க உட்கார வேணாம்னு ஆச்சு.

நம்மகிட்ட போர்ட்டல் எல்லாம் ஏது? எங்க டீம்ல ஒரு ஃபர்ஸ்ட் இயர் பையன் இருக்கான். மீஞ்சூர் பக்கம் ஒரு செவன்ஸ் டோர்னமென்ட்ல கோச் அவனைப் பார்த்தார். இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் விளையாட்டு வீரர்களுக்குன்னு 500 சீட் தனியா இருக்கு. அதுக்கு எந்த சர்டிஃபிகேட் வேணும், எப்படி அப்ளை பண்ணணும்னு அவன் அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்ததே கோச்தான். அவன் ஆகஸ்ட்ல சேர்ந்தான். கோச் செப்டம்பர்ல போயிட்டார். "அண்ணா, என் ரேங்குக்கு இதைவிட நல்ல காலேஜ் கிடைச்சிருக்கும். இவருக்காகத்தான் இதைப் போட்டேன்"னான். அவன்கிட்ட கிர்பி ஸ்மார்ட் கதையைச் சொல்லியா சமாதானப்படுத்துறது? துரோகிங்கிற வார்த்தையைச் சொல்ல டீம்ல யாருக்காவது உரிமை இருந்தா அவனுக்குத்தான். அவன் சொல்லலை. ஒரு வாரம் பிராக்டிஸுக்கு வரலை, அவ்வளவுதான்.

இந்தியாவுக்கு வருவோம். ஐ.எஸ்.எல். பார்க்கிறவங்களுக்கு கிளிஃபோர்ட் மிராண்டாவைத் தெரியும். இப்போ நம்ம சென்னையின் எஃப்.சி.க்குத் தலைமைக் கோச். 2025ல வந்தார். பார்க்காதவங்களுக்காக அவர் கதையைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா ரெண்டாவது ஆளோட வாழ்க்கை என்னன்னு அதுல தெளிவா தெரியும்.

கோவாக்காரர், டெம்போ கிளப்புக்கு வருஷக்கணக்கா ஆடினவர். அப்புறம் எஃப்.சி. கோவாவில் அசிஸ்டன்ட். 2020 ஜனவரி கடைசியில், லீக் முடிய மூணே மேட்ச் இருக்கும்போது, தலைமைக் கோச் செர்ஜியோ லொபேராவைக் கிளப் அனுப்பிட்டாங்க. கிளிஃபோர்டைத் தற்காலிகமா நிக்க வச்சாங்க. கோவா லீக்ல முதல் இடம் பிடிச்சு, ஆசிய சாம்பியன்ஸ் லீக் குரூப் சுற்றுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியக் கிளப் ஆச்சு. அடுத்த சீசனுக்கு ஸ்பெயின்லிருந்து ஹுவான் ஃபெராண்டோவைக் கூட்டிட்டு வந்தாங்க. கிளிஃபோர்ட் மறுபடி அசிஸ்டன்ட். 2021 டிசம்பர்ல, சீசன் நடந்துக்கிட்டு இருக்கும்போதே, ஃபெராண்டோ ரிலீஸ் கிளாஸைப் பயன்படுத்தி ஏ.டி.கே. மோகன் பகானுக்குக் கிளம்பிட்டார். பார்த்தீங்களா, நம்ம ஊர்லயும் நடுவுல போறது உண்டு, காண்ட்ராக்ட்ல எழுதி வச்சிருந்தா அதுக்குப் பேர் ரிலீஸ் கிளாஸ். எழுதாம விட்டிருந்தா துரோகம்.

2022ல கிளிஃபோர்ட் ஒடிசாவுக்கு அசிஸ்டன்ட்டா போனார். 2023 மார்ச்ல அங்க தலைமைக் கோச் கிளம்பவும், திரும்ப இவரைத் தற்காலிகமா நிக்க வச்சாங்க. ஏப்ரல் 25, கோழிக்கோட்டில் சூப்பர் கப் ஃபைனல். பெங்களூருவை 2-1ன்னு ஜெயிச்சாங்க. ஒடிசா வரலாற்றுலயே முதல் கப் அதுதான். நம்ம சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் அந்த டீம்ல இருந்தார். சரி, இந்தத் தடவையாவது வேலை நிரந்தரம் ஆகியிருக்கும்னு நினைப்பீங்க. ஒடிசா அடுத்த சீசனுக்குத் தலைமைக் கோச்சா கூட்டிட்டு வந்தது யாரைத் தெரியுமா? செர்ஜியோ லொபேராவை. கோவாவில் யார் போன இடத்தில் இவர் நின்னாரோ, அதே லொபேரா.

அப்புறம் கிளிஃபோர்ட் மோகன் பகானுக்குப் போனார், பழைய ஃபெராண்டோவுக்கே அசிஸ்டன்ட்டா. நந்தகுமார் எதிர்முனையில் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். 2023 ஆகஸ்ட் 12, டூரண்ட் கப்ல கொல்கத்தா டெர்பி. மோகன் பகானை 1-0ன்னு ஈஸ்ட் பெங்கால் ஜெயிச்சுது. அடிச்சது நந்தகுமார். ஏப்ரல்ல ஒண்ணா கப் தூக்கினவங்க, ஆகஸ்ட்ல எதிரெதிர் கிளப். யாரும் யாரையும் துரோகின்னு சொன்ன மாதிரி தெரியலை.

இது கிளிஃபோர்ட் ஒருத்தர் கதை மட்டும் இல்லை. சென்னையின்லயே, இந்தியாவுக்கு ஆடின, இந்தியன் வங்கி டீம்ல இருந்த சையத் சபீர் பாஷா பல வருஷம் அசிஸ்டன்ட்டா இருந்தார். 2022 பிப்ரவரியில் பண்டோவிச்சை அனுப்பினதும் மிச்ச மேட்சுகளுக்கு அவர்தான் நின்னார், அடுத்த சீசனுக்கு வெளிநாட்டுக்காரர் வந்துட்டார். காலித் ஜமீல் மட்டும் இந்த வட்டத்தை உடைச்சார். நார்த் ஈஸ்ட்ல அசிஸ்டன்ட், 2021ல தற்காலிகம், அதே வருஷம் நிரந்தரம். இப்போ 2025 ஆகஸ்ட்லிருந்து இந்திய அணிக்கே கோச். அதுக்கு முன்னாடி அவர் ஐஸ்வாலை ஐ-லீக் சாம்பியன் ஆக்கினவர்ங்கிறதையும் சேர்த்துக்கணும். அவ்வளவு பெரிய கப்பை கையில் வச்சிருந்தவருக்கே அசிஸ்டன்ட் வழியாத்தான் கதவு திறந்துச்சு.

இதெல்லாம் படிச்சப்புறம் எனக்கு ஒண்ணு தெளிவாச்சு. போறது துரோகம் இல்லை. ரெண்டாவது ஆள் மேல போகணும்னா இடம் மாறியே ஆகணும். இருக்கிற இடத்துல அவருக்கு எப்பவும் 'தற்காலிகம்'தான். இதை ஹாஸ்டல்ல சொன்னா பாதிப் பேர் ஒத்துக்கிட்டாங்க.

ஒத்துக்காத மீதிப் பேருக்கு ஒரு காரணம் இருக்கு. ஜோனல்.

குவார்ட்டர் ஃபைனல்ல எதிர்ப் பக்கம் அவர் டீம். டிரா வந்த அன்னிக்கே தெரியும். எதிர் டச்லைன்ல புது டி-ஷர்ட் போட்டுக்கிட்டு நின்னார், நல்ல ஷூ. வார்ம் அப்ல எங்க பக்கம் பார்த்துத் தலையை ஆட்டினார். நாங்களும் ஆட்டினோம். முதல் பாதி 1-1. ரெண்டாவது பாதியில் அவங்க ரைட் விங் மாறிடுச்சு. பந்தை விங்கர் காலுக்குக் கொடுக்கிறதை நிறுத்திட்டு, எங்க லெஃப்ட் பேக்குக்குப் பின்னாடி, காலி இடத்துல போட ஆரம்பிச்சாங்க. ஒவ்வொரு தடவையும் அவன் திரும்பி ஓடணும். ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு எட்டு. அப்பதான் எங்களுக்கே அவன் முட்டியைப் பத்தித் தெரிய வந்துச்சு. 71வது நிமிஷம் கோல். 2-1. அதோட வெளிய வந்துட்டோம்.

மேட்ச் முடிஞ்சதும் கோச் நேரா லெஃப்ட் பேக்கிட்ட வந்தார். "முட்டி எப்படிடா இருக்கு?"

"உங்களுக்குத் தெரியுமே கோச்"னு சொல்லிட்டு அவன் பஸ் பக்கம் நடந்துட்டான்.

நான் விடலை. பின்னாடியே போய்க் கேட்டேன். கொஞ்ச நேரம் ஷூவையே பார்த்துக்கிட்டு இருந்தார். அப்புறம் சொன்னார். "ரைட்ல, பின்னாடி போடுங்கடான்னு சொன்னேன். ஏன்னு சொல்லலை."

இந்தப் பதிலை நான் ஆறு மாசமா மென்னுக்கிட்டு இருக்கேன். ஒரு பக்கம் பார்த்தா, அவர் வேலையே அதுதான். மாதச் சம்பளம் கொடுக்கிற காலேஜுக்கு அவர் உண்மையா இருக்கணும். கிர்பி ஸ்மார்ட் ஜார்ஜியாவுக்குப் போனப்புறம் சேபன்கிட்ட நாலு தடவை தோத்து, 2022 ஜனவரி ஃபைனல்ல 33-18ன்னு ஜெயிச்சார். அலபாமாவில் கத்துக்கிட்டதை எல்லாம் மறந்துட்டா ஜெயிச்சிருப்பார்? இன்னொரு பக்கம், ஃபார்மேஷன், கார்னர் சிக்னல் வேற, ஒருத்தன் பயந்து பயந்து சொன்ன முட்டி வேற. ஃபார்மேஷன் டீமோடது. முட்டி அவனோடது. காரணத்தைச் சொல்லாம இடத்தை மட்டும் சொன்னா அது ரகசியம் காத்ததா ஆகுமா? எனக்கு இது சரியாப் படலை. அவர் மேல மரியாதை குறையவும் இல்லை. ரெண்டும் ஒண்ணா இருக்கு, என்ன பண்றது.

எனக்கு வந்திருக்கிற ஆஃபர் லெட்டர்ல ரகசியம் காக்கிறதைப் பத்தி ஒண்ணரைப் பக்கம் இருக்கு. வேலையை விட்டுப் போனா எதைக் கொண்டு போகலாம், எதைக் கூடாதுன்னு வரிவரியா. அறுபது நாள் நோட்டீஸ் வேற. ஒரு போல்ட் டிராயிங்குக்கே இவ்வளவு. 22 பேரோட உடம்பும் மனசும் தெரிஞ்ச ஒருத்தருக்கு நாம கொடுத்தது ஒரு வவுச்சர். எதுலயும் எழுதாம ஒருத்தரை வச்சுக்கிட்டு, அவர் போனதும் எழுதாத ஒப்பந்தத்தை மீறிட்டார்னு கோவப்படுறோம். அந்தக் கோவத்துல பாதியாவது அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் வாசல்ல காட்டியிருக்கலாம், காட்டியிருந்தா அவர் இங்கயே இருந்திருப்பாரோ என்னவோ.

இன்னொண்ணையும் சொல்லணும், இது பலருக்குத் தெரியாது. கோச் கிளம்பின அன்னிக்கு ராத்திரி, ஹாஸ்டல்ல நாம அவரைத் திட்டிக்கிட்டு இருந்த அதே நேரத்துல, எங்க 22 பேர் வாட்ஸ்அப்புக்கும் தனித்தனியா ஒரு போட்டோ வந்துச்சு. நோட்டில் அவரவர் பக்கம். குரூப்ல போடலை. என் பக்கம் எனக்கு மட்டும், அவன் பக்கம் அவனுக்கு மட்டும். கீழ புதுசா ரெண்டு வரி, நீல பேனாவில், அடுத்து என்ன பண்ணணும்னு. லெஃப்ட் பேக்குக்கு வந்ததுல முட்டிக்கான மூணு பயிற்சியும், பொன்னேரியில் எந்த நாள்ல போனா எலும்பு டாக்டர் இருப்பார்ங்கிறதும் இருந்துச்சாம். ஜோனல் தோத்ததுக்கு அப்புறம்தான் அவன் எனக்கு அதைக் காட்டினான். டாக்டரைப் பார்த்தியான்னு கேட்டேன். பார்த்துட்டானாம். தினம் அந்த மூணு பயிற்சியும் பண்றான். கோச்கிட்ட இன்னும் பேசலை.

ஃபர்ஸ்ட் இயர் பையன் திரும்ப வந்துட்டான். நல்லா ஆடுறான், ரெண்டு காலும் போடுவான், எனக்குப் பொறாமையா இருக்கு. போன வாரம் பிராக்டிஸ் முடிஞ்சு வலையைச் சுருட்டிக்கிட்டு இருக்கும்போது, "நீங்க எப்ப அண்ணா கிளம்புறீங்க?"ன்னான். ஜூலையில் ஓரகடத்துல சேரணும்னு சொன்னேன். "ம்"னு சொல்லிட்டு வலையோட இன்னொரு முனையைப் பிடிச்சான்.

இப்போதைக்கு நானும் எங்க கோல்கீப்பரும் பிராக்டிஸை ஓட்டிக்கிட்டு இருக்கோம். ஒரு நோட்டு வாங்கியிருக்கோம், ஆனா அதுல அவனவன் பக்கத்தை அவனவனே எழுதுறான், என்ன எழுதணும், என்ன வேணாம்னு அவனே முடிவு பண்றான். பி.டி. சார் மாதச் சம்பளத்துல ஒரு கோச் கேட்டு மேனேஜ்மென்ட்டுக்கு லெட்டர் கொடுத்திருக்கார். நல்லா அழுத்தமாவே எழுதியிருக்கார், நான் படிச்சேன். ஃபைல் மேல போயிருக்கு. பாஸ் அவுட் ஆன சீனியர்கள்ல யாராவது பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி பக்கம் இருந்து, டி லைசென்ஸ் வச்சிருந்தா, இல்ல வச்சிருக்கிற யாரையாவது தெரிஞ்சா, சொல்லுங்க. சம்பள விஷயத்தை முதல்லயே எழுத்துல வாங்கிக்கச் சொல்லுங்க. திங்கள், புதன், வெள்ளி காலை 5.45க்கு நேரா கிரவுண்டுக்கு வந்தா நாங்க இருப்போம். பந்து ஏழு இருக்கு, அதுல ரெண்டுல காத்து நிக்காது.